தெருவுல தண்ணி நின்னா யாரைக் கேக்கணும்? சென்னையில் ரோடும் வடிகாலும் பராமரிக்கப்படுவது இப்படித்தான்!

சென்னை:

வடகிழக்கு பருவமழை தொடங்கிவிட்டால் சென்னையில் ஒவ்வொரு தெருவிலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "போன வருஷம்தானே ரோடு போட்டாங்க, கால்வாய் கட்டினாங்க. அப்புறம் ஏன்யா தண்ணி நிக்குது?"

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்பதில்தான் சிக்கலே. கவுன்சிலரைக் கேட்டால் மாநகராட்சி என்பார். மாநகராட்சிக்குப் போனால் குடிநீர் வாரியத்தைக் கை காட்டுவார்கள். அங்கே போனால் "இது நெடுஞ்சாலைத்துறை ரோடும்மா" என்று பதில் வரும். நான்கு ஆபீஸ் ஏறி இறங்குவதற்குள் மழையே நின்றுவிடும். அதற்குள் இரண்டு நாள் கூலி போயிருக்கும்.

தெருவில் தண்ணீர் நின்றால் நஷ்டம் யாருக்கு? கார் வைத்திருப்பவர் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்துகொள்ளலாம். ஆட்டோ ஓட்டுபவர், தள்ளுவண்டி போடுபவர், சித்தாள் வேலைக்குப் போகிறவர், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் இவர்களுக்கு அந்த நாள் சம்பளம் இல்லை. தரைமட்டத்து வீட்டில் அரிசி, துணிமணி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் நனைந்து போகும். பின்னாலேயே டெங்கு, எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரி செலவு வேறு.

எனவே எந்த வேலை யாருடையது, அது எப்படி நடக்கிறது, எங்கே கோட்டை விடுகிறார்கள் என்பதைத் தெரிந்துவைத்துக் கொள்வது நல்லது.

இது யார் ரோடு?

சென்னை மாநகராட்சி 1688-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2011-ல் அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர் போன்ற பக்கத்து நகராட்சிகளையும் பஞ்சாயத்துகளையும் சேர்த்தபோது 174 சதுர கிலோ மீட்டராக இருந்த நகரம் 426 சதுர கிலோ மீட்டராக விரிந்தது. 155 வார்டு 200 வார்டு ஆனது. 10 மண்டலம் 15 மண்டலம் ஆனது.

மாநகராட்சியின் பொறுப்பில் இரண்டு வகை ரோடுகள் உள்ளன. முதலாவது, பஸ் போகும் ரோடுகள். இவை சுமார் 387 கிலோ மீட்டர். இவற்றை ரிப்பன் மாளிகையில் உள்ள தனித்துறை கவனிக்கிறது. இரண்டாவது, உட்புறச் சாலைகள். அதாவது நாம் குடியிருக்கும் தெரு, சந்து, குறுக்குத் தெரு. இவை 5,200 கிலோ மீட்டருக்கு மேல். இவற்றை அந்தந்த மண்டல அலுவலகம் கவனிக்கிறது. உங்கள் வார்டுக்கு ஒரு உதவிப் பொறியாளர் இருப்பார். 'ஏ.இ.' என்று சொல்வார்கள். உங்கள் தெருவுக்கு நேரடிப் பொறுப்பாளர் அவர்தான்.

ஆனால் சென்னையில் உள்ள எல்லா ரோடும் மாநகராட்சி ரோடு இல்லை. அண்ணா சாலை, கோயம்பேடு வழியாகச் செல்லும் 100 அடி ரோடு போன்ற பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத்துறை வசம் உள்ளன. மெட்ரோ ரயில் வேலை நடக்கும் இடங்களில் அந்தப் பகுதி ரோட்டை மெட்ரோ ரயில் நிறுவனம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் விஷயத்திலும் இப்படித்தான். தெரு ஓரத்து மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கழிவுநீர் பைப் 1978-ல் அமைக்கப்பட்ட சென்னை குடிநீர் வாரியத்துடையது. கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு, பக்கிங்காம் கால்வாய் இவையெல்லாம் நீர்வளத்துறையுடையது. முன்பு பொதுப்பணித்துறைக்குள் இருந்த இந்தத் துறை 2021-ல் தனியாகப் பிரிக்கப்பட்டது. ஊருக்குள் ஓடும் சிறிய கால்வாய்கள் சில மாநகராட்சியிடமும் உள்ளன.

மழைத் தண்ணீருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அது ஒரு துறையின் தெருவில் விழுந்து, இன்னொரு துறையின் ரோட்டைக் கடந்து, மூன்றாவது துறையின் ஆற்றில் போய்ச் சேர வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் அடைத்தாலும் தண்ணீர் நிற்பது நம் வீட்டு வாசலில்தான்.

மூடியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்

நிறைய பேர் மழைநீர் வடிகாலையும் சாக்கடையையும் ஒன்று என்றே நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு.

ரோட்டுக்கு நடுவில் வட்ட மூடி போட்டிருந்தால் அது பெரும்பாலும் கழிவுநீர் மேன்ஹோல். வட்டமாக வைப்பதற்கும் காரணம் உண்டு. வட்ட மூடியை எப்படித் திருப்பினாலும் அந்த ஓட்டைக்குள் விழாது. இது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. இந்தத் தண்ணீர் பம்பிங் ஸ்டேஷன் போய், அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது.

ரோட்டு ஓரத்தில் நடைபாதைக்குக் கீழே நீளமாக, கான்கிரீட் பலகை போட்டு மூடியிருந்தால் அது மழைநீர் வடிகால். இது மாநகராட்சியின் பொறுப்பு. இந்தத் தண்ணீர் எங்கேயும் சுத்திகரிக்கப்படுவது இல்லை. நேராகக் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் போய்விடும்.

அதனால்தான் மழைநீர் வடிகாலில் வீட்டுக் கழிவுநீரை விடக்கூடாது என்கிறார்கள். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாகப் பைப்பைத் திருப்பிவிடும் வீடுகளும் ஓட்டல்களும் இருக்கத்தான் செய்கின்றன. விளைவு, கோடைகாலத்தில் காய்ந்து கிடக்க வேண்டிய வடிகாலில் வருஷம் முழுக்க சாக்கடை நிற்கிறது. கொசு பெருகுகிறது. வண்டல் இறுகிப் போகிறது. மழை வரும்போது வடிகாலில் பாதி இடம் ஏற்கனவே நிரம்பியிருக்கிறது.

இன்னொரு தப்பும் நடக்கிறது. தெருவில் தண்ணீர் நின்றதும் சிலர் கடப்பாரையால் கழிவுநீர் மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிடுகிறார்கள். தண்ணீர் சட்டென்று இறங்குவது போலத் தெரியும். ஆனால் கழிவுநீர் பைப் மழைத் தண்ணீரைத் தாங்கும் அளவுக்குப் போடப்பட்டது அல்ல. அது பொங்கி, தாழ்வாக உள்ள அடுத்த தெரு வீட்டு கக்கூஸ் வழியாக வெளியே வரும். திறந்த குழி தண்ணீருக்குள் தெரியாமல் ஆட்களும் விழுந்துவிடுவார்கள். அவசரத்துக்குக்கூட அந்த மூடியில் கை வைக்கக் கூடாது.

ஒரு கிரவுண்டில் எவ்வளவு தண்ணீர்?

"10 சென்டிமீட்டர் மழை" என்று செய்தியில் சொல்கிறார்கள். அது எவ்வளவு தண்ணீர்?

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதில் ஒரே ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 2,200 லிட்டர் தண்ணீர். 10 சென்டிமீட்டர் பெய்தால் 22 ஆயிரம் லிட்டர். அதாவது 9 ஆயிரம் லிட்டர் லாரியில் இரண்டரை லாரி. 40 கிரவுண்டு உள்ள ஒரு தெருவுக்கு 100 லாரி தண்ணீர்! இது வீட்டு மனைகளில் விழுவது மட்டும்தான். ரோட்டில் விழுவது தனி.

2021-ம் ஆண்டு நவம்பர் 7-ந்தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மேலே சொன்ன கணக்குப்படி அந்தத் தெருவில் 200 லாரி தண்ணீர் விழுந்தது போல.

முன்பெல்லாம் வீட்டைச் சுற்றி மண் தரை இருந்தது. கொஞ்சம் தண்ணீரை பூமி குடித்துக்கொண்டது. இப்போது வாசல் வரை சிமெண்டு, டைல்ஸ். வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-ல் தமிழக அரசு உத்தரவு போட்டது. அன்றைக்குப் போட்ட குழிகளைத் தூர்வாரி சரியாக வைத்திருந்தால் தெருவுக்கு வரும் தண்ணீரில் ஒரு பங்கு குறையும்.

தண்ணீர் போகும் வழி

புளியந்தோப்பு பக்கத்தில் ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். மழைத் தண்ணீர் ரோட்டு ஓரத்துக்கு ஓடி வருகிறது. அங்கே வடிகாலின் பக்கவாட்டில் ஓட்டை இருக்கும். சில இடங்களில் இரும்பு கம்பி வலை போட்டிருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் ஒரு சின்னத் தொட்டி. இதற்கு வண்டல் வடிகட்டித் தொட்டி என்று பெயர். மண்ணும் குப்பையும் இங்கேயே தங்கிவிட வேண்டும். தண்ணீர் மட்டும் வடிகாலுக்குள் போக வேண்டும்.

தெரு வடிகால் பெரிய ரோட்டு வடிகாலில் சேரும். அது ஓட்டேரி நல்லா கால்வாயில் விழும். ஓட்டேரி நல்லா பேசின் பிரிட்ஜ் பக்கம் பக்கிங்காம் கால்வாயில் கலக்கும். அங்கிருந்து எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடல்.

தி.நகரில் என்றால் வழி வேறு. அங்குள்ள தண்ணீர் மாம்பலம் கால்வாயில் இறங்கி, நந்தனம் தாண்டி அடையாற்றில் சேர்ந்து, பட்டினப்பாக்கம் அருகே கடலுக்குப் போகும். 2021 நவம்பரில் தி.நகர் தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்ததற்கு இந்தக் கால்வாயில் தடையில்லாமல் தண்ணீர் போக முடியாததும் ஒரு காரணம். தெருவில் இருந்த வடிகால் நன்றாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இந்தப் பயணம் முழுக்க மோட்டார் கிடையாது. மேட்டில் இருந்து பள்ளத்துக்குத் தானாக ஓட வேண்டும். ஆனால் சென்னை பெரும்பாலும் தட்டையான ஊர். கடல் மட்டத்தைவிடக் கொஞ்சம்தான் உயரம். கிலோ மீட்டர் கணக்கில் போகும் வடிகாலுக்குக் கிடைக்கும் சரிவே ரொம்பக் கொஞ்சம். அதில் ஒரு இடத்தில் அரை அடி வண்டல் சேர்ந்தாலும், கட்டும்போதே ஒரு இடத்தில் மட்டம் தப்பினாலும் தண்ணீர் வந்த வழியே திரும்பிவிடும்.

கடைசியில் கடலும் ஒத்துழைக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் மட்டம் வழக்கத்தைவிட ஏறும். புயல் நேரத்தில் அலை உள்ளே தள்ளும். அப்போது ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் இறங்காது. முகத்துவாரத்தில் மணல் மேடு போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, புளியந்தோப்பு, வியாசர்பாடி என்று பல இடங்களில் மழை நின்ற பிறகும் வெள்ளம் உடனே வடியாமல் மக்கள் தவித்தது நினைவிருக்கும்.

சுரங்கப்பாதைகள் மட்டும் தனிக் கதை. ரயில் பாலத்துக்குக் கீழே பள்ளத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் தானாக வெளியே போகாது. மோட்டார் வைத்து இறைத்துத்தான் ஆக வேண்டும். கணேசபுரம், துரைசாமி சுரங்கப்பாதைகள் மழை என்றதும் மூடப்படுவது இதனால்தான்.

தூர்வாருவது எப்படி?

பருவமழை அக்டோபரில் தொடங்கும் என்பதால் செப்டம்பர் கடைசிக்குள் வடிகால்களைத் தூர்வாரி முடிக்க வேண்டும் என்பது ஒவ்வொரு வருஷமும் வைக்கப்படும் கெடு.

முதலில் பலகையைத் தூக்கி வண்டலை எடுக்க வேண்டும். குறுகிய இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பை உடைக்கும் ஜெட் ராடிங் வண்டி, சகதியை உறிஞ்சும் வண்டி ஆகியவற்றைப் பயன்படுத்துவார்கள். பெரிய கால்வாய்களில் மிதந்துகொண்டே தூர்வாரும் எந்திரங்கள் இறங்கும்.

எடுத்த வண்டல் சகதியாக இருப்பதால் உடனே லாரியில் ஏற்ற முடியாது. ஓரத்தில் கொட்டிக் காயவைப்பார்கள். காய்ந்ததும் அள்ளிக்கொண்டு போக வேண்டும். இங்கேதான் பல இடங்களில் வேலை பாதியில் நிற்கிறது. குவியலை அள்ளுவதற்குள் ஒரு மழை வந்தால் எடுத்த மண் அத்தனையும் திரும்ப வடிகாலுக்குள்ளேயே போய்விடும். செலவு செய்த காசு தண்ணீரில் கரைந்த மாதிரிதான்.

எனவே உங்கள் தெருவில் வடிகால் தோண்டியிருந்தால் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். எடுத்த மண் அள்ளப்பட்டதா? தூக்கிய பலகை திரும்ப சரியாக மூடப்பட்டதா?

இரண்டாவது விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. 2022 அக்டோபரில் வேலை முடியாமல் கிடந்த மழைநீர் வடிகால் பள்ளத்தில் விழுந்து ஒரு இளம் பத்திரிகையாளர் பரிதாபமாக இறந்தார். நான்கு தடுப்பும் ஒரு சிவப்பு விளக்கும் வைக்க எத்தனை ரூபாய் ஆகும்?

தூர்வாரும் தொழிலாளியின் உயிரும் அப்படித்தான். கழிவுநீர் பாதாள சாக்கடையில் பாதுகாப்பு இல்லாமல் மனிதரை இறக்குவதை 2013-ம் ஆண்டு சட்டம் தடை செய்துள்ளது. சாக்கடையில் இறங்கி உயிரிழப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. மழைநீர் வடிகால்தானே என்று ஆளை இறக்கிவிட முடியாது. திருட்டுத்தனமாகக் கழிவுநீர் விட்ட வடிகாலிலும் விஷவாயு நிற்கும். வீட்டுப் பைப்பைத் திருப்பிவிட்டவருக்கு இது தெரிவதில்லை.

ரோடு உயருது, வீடு இறங்குது

"எங்க அப்பா கட்டும்போது மூணு படி ஏறி வீட்டுக்குள்ள போவோம். இப்ப ஒரு படி இறங்கிப் போறோம்." இப்படிச் சொல்லாத பழைய வீட்டுக்காரர் சென்னையில் குறைவு.

காரணம் எளிது. பழைய தார் ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு போட்டார்கள். ஒரு தடவை போடும் தார் 3 முதல் 5 சென்டிமீட்டர் கனம் இருக்கும். நான்கு தடவை போட்டால் அரை அடி வரை ஏறிவிடும். ரோட்டில் விழும் தண்ணீர் வீட்டுக்குள் வரும். வடிகாலின் ஓட்டையும் ரோட்டுக்குக் கீழே புதைந்துவிடும்.

இதற்கு மருந்து 'மில்லிங்'. எந்திரத்தால் பழைய தாரை அதே அளவுக்குச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில் புதிதாகப் போடுவது. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று அதிகாரிகளுக்குக் கண்டிப்பாக அறிவுறுத்தினார். ஆகவே உங்கள் தெருவில் சுரண்டாமல் ஜல்லி கொட்ட வந்தால் அப்போதே கேளுங்கள். போட்டு முடித்த பிறகு கேட்டுப் பயன் இல்லை.

பள்ளம் எப்படி விழுகிறது?

தாருக்குப் பெரிய எதிரி தண்ணீர். ரோட்டில் மெல்லிய விரிசல் விழும். அதன் வழியாகத் தண்ணீர் இறங்கி ஜல்லிக்கும் தாருக்கும் உள்ள பிடிப்பை விட வைக்கும். மேலே பஸ், லாரி போகப் போக உள்ளே உள்ள தண்ணீர் அழுத்தப்பட்டு ஜல்லியைப் பிடுங்கி வெளியே தள்ளும். முதலில் கை அளவு ஓட்டை. ஒரே வாரத்தில் சட்டி அளவு பள்ளம். எனவே தண்ணீர் நிற்கும் ரோடு எவ்வளவு நன்றாகப் போட்டாலும் நிலைக்காது. வடிகால் சரியில்லை என்றால் ரோடும் சரியிருக்காது.

தார்க் கலவை சுமார் 150 டிகிரி சூட்டில் தயாராகும். சூடு ஆறுவதற்குள் பரப்பி ரோலர் ஓட்டி அழுத்த வேண்டும். ஈர ரோட்டில் போட்டால் ஒட்டாது. அதனால்தான் மழைக்காலத்தில் பள்ளங்களை ஜல்லிக் கலவை போட்டுத் தற்காலிகமாக மூடுகிறார்கள். சரியான ரிப்பேர் மழை முடிந்த பிறகுதான்.

பள்ளத்துக்கு இன்னொரு காரணம், ரோட்டைத் தோண்டுவது. குடிநீர் பைப், கழிவுநீர் பைப், கரண்டு கேபிள், இன்டர்நெட் கேபிள் என்று ஆளுக்கொரு பக்கம் தோண்டுகிறார்கள். ரோட்டை வெட்ட மாநகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும். திரும்பச் சீர் செய்ய ஆகும் செலவையும் கட்ட வேண்டும். பள்ளத்தை அடுக்கடுக்காக மண் போட்டு, தண்ணீர் விட்டு, இறுக்கி மூட வேண்டும். மண்ணை மொத்தமாகத் தள்ளிவிட்டுப் போனால் முதல் மழையில் ரோடு உள்வாங்கும். லாரி சக்கரம் இறங்கும். மழைக்காலம் தொடங்கும்போது ரோடு வெட்டுக்கு மாநகராட்சி தடை போடுவது இதனால்தான். அவசர வேலைக்கு மட்டும் விதிவிலக்கு.

ரோடு போட முடிவு செய்வது யார்?

வார்டு உதவிப் பொறியாளர் ரோட்டைப் பார்த்து மதிப்பீடு தயாரிப்பார். அது மண்டலத்துக்கும் தலைமை அலுவலகத்துக்கும் போய், நிதி ஒதுக்கப்பட்டு, டெண்டர் விடப்படும். டெண்டர் நடைமுறைக்கு 1998-ம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் உள்ளது. யார் வேண்டுமானாலும் அரசின் டெண்டர் இணையதளத்தில் பார்க்கலாம்.

கவுன்சிலருக்கு இதில் பங்கு உண்டு. எந்தத் தெரு முதலில் என்று அழுத்தம் கொடுப்பதும், மாமன்றத்தில் கேள்வி கேட்பதும் அவர் வேலை. 2016 அக்டோபரில் இருந்து 2022 மார்ச் வரை சென்னையில் கவுன்சிலரே கிடையாது. தேர்தல் நடக்கவில்லை. அந்த ஐந்தரை வருஷம் தெருக்காரர்கள் நேராக அதிகாரியைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பணம் சொத்து வரி, மாநில அரசு நிதி, வெளிக்கடன் என்று பல வழியில் வருகிறது. சொத்து வரி 2022-ல் உயர்த்தப்பட்டது. வாடகை வீட்டுக்காரர் "நான் வரி கட்டலையே" என்று நினைக்கத் தேவையில்லை. வரி ஏறினால் வாடகை ஏறுகிறது. அதனால் கேள்வி கேட்கும் உரிமை அவருக்கும் உண்டு.

2021 வெள்ளத்தின்போது சென்னையில் இருந்த மழைநீர் வடிகால் 2 ஆயிரம் கிலோ மீட்டருக்குச் சற்று மேல். அதன்பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வெ.திருப்புகழ் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. குழு 2023 மார்ச்சில் இறுதி அறிக்கை தந்தது. வடசென்னையை உள்ளடக்கிய கொசஸ்தலையாறு பகுதிக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுடன் 769 கிலோ மீட்டர் வடிகால் கட்ட 3,220 கோடி ரூபாய் திட்டம் போடப்பட்டது. தெற்கே கோவளம் பகுதிக்கு ஜெர்மன் வங்கிக் கடன். நகரின் மற்ற பகுதிகளிலும் பல நூறு கிலோ மீட்டர் புது வடிகால் கட்டப்பட்டது.

பல இடங்களில் தண்ணீர் முன்பைவிட வேகமாக வடிகிறது. அதை மறுக்க முடியாது. ஆனால் வடிகாலைக் கட்டுவது ஒரு தடவை வேலை. அதைச் சுத்தமாக வைத்திருப்பது ஆண்டாண்டு வேலை. கோடி கோடியாகக் கொட்டிக் கட்டிய வடிகாலையும் கைப்பிடி பிளாஸ்டிக் கவர் அடைத்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

மழை வந்த பிறகு புகார் செய்தால் மோட்டார் வந்து தண்ணீரை இறைக்கும். அவ்வளவுதான். அடுத்த மழைக்குத் திரும்ப நிற்கும். உண்மையான புகார் செய்ய வேண்டிய மாதங்கள் ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர். பருவமழைக்கு முன்பே ஒரு கோடை மழை பெய்தால் அப்போதே தெருவைப் பாருங்கள். எங்கே தண்ணீர் நிற்கிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது, எந்தப் பக்கம் இருந்து ஓடி வருகிறது என்று செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

மழைநீர் வடிகால், ரோட்டுப் பள்ளம், குப்பை, தெருவிளக்கு என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் பேசுங்கள். மறக்காமல் இருக்க ஒரு வழி: ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட வருஷமும் 1913தான். கழிவுநீர் பொங்கினால், குடிநீரில் சாக்கடை கலந்தால், வட்ட மூடி உடைந்திருந்தால் குடிநீர் வாரியத்தின் 1916. தண்ணீரில் கரண்டு கம்பி அறுந்து கிடந்தால் பக்கத்தில் போகாமல் மின்வாரியத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

"எங்க ஏரியாவுல தண்ணி நிக்குது" என்று பொதுவாகச் சொன்னால் வேலை நடக்காது. தெருப் பெயர், வீட்டு எண், பக்கத்தில் உள்ள கோவில் அல்லது கடையின் அடையாளம், வடிகால் ஓட்டை அடைத்திருக்கிறதா, பலகை உடைந்திருக்கிறதா என்று குறிப்பாகச் சொல்லுங்கள். புகார் எண் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். வேலை நடக்காமலே 'முடிந்தது' என்று பதில் வந்தால் அந்தப் புகார் எண்ணோடு மண்டல அலுவலகத்துக்குப் போகலாம். வார்டில் ஏரியா சபைக் கூட்டம் நடக்கும்போது அதில் எழுந்து சொல்லலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005-ல் வந்த சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த 10 ரூபாயும் வேண்டாம். 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு:

1. எங்கள் தெரு ரோடு எந்தத் தேதியில், எவ்வளவு செலவில் போடப்பட்டது?

2. ஒப்பந்தக்காரர் யார்? அவர் பராமரிக்க வேண்டிய காலம் எது வரை?

3. எங்கள் தெரு வடிகால் கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது?

4. அந்த வடிகால் எந்தக் கால்வாயில் போய்ச் சேருகிறது?

இரண்டாவது கேள்வி முக்கியம். ஒப்பந்தத்தில் சொன்ன காலத்துக்குள் ரோடு பெயர்ந்தால் ஒப்பந்தக்காரர்தான் சொந்தச் செலவில் சரி செய்ய வேண்டும். தெருக்காரர்களுக்கு அந்தத் தேதி தெரிந்தால் சும்மா இருக்க மாட்டார்கள் அல்லவா? நான்காவது கேள்விக்குப் பதில் வந்தால், தண்ணீர் நிற்பதற்குக் காரணம் உங்கள் தெருவா, இல்லை இரண்டு கிலோ மீட்டர் தள்ளி உள்ள கால்வாயா என்பது தெரிந்துவிடும்.

நம் பக்கத்திலும் கொஞ்சம் வேலை உண்டு. வீடு கட்டும்போது மணலையும் ஜல்லியையும் வடிகால் ஓட்டைக்குப் பக்கத்தில் கொட்டாமல் இருக்க வேண்டும். டீ கப், இளநீர் மட்டை, பிளாஸ்டிக் கவர் வடிகாலுக்குள் போகக் கூடாது. ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. இருந்தும் தூர்வாரும் இடத்தில் போய்ப் பாருங்கள், பாதி அதுதான்.

மழை தூறும்போதே உங்கள் வீட்டு வாசலில் உள்ள வடிகால் ஓட்டையை ஒரு குச்சியால் தள்ளி, அடைத்திருக்கும் இலை தழையை எடுத்துவிட்டால் தெருவே தப்பிக்கும். பலகையைத் தூக்க வேண்டாம். உள்ளே கை விட வேண்டாம். ஓட்டை வாயை மட்டும் சுத்தம் செய்தால் போதும். மீதி வேலைக்குச் சம்பளம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நாம் மழைக்கு முன்பே எழுப்பிவிட வேண்டும்.